ஜீப்புக்கு அடியில் ஒரு பெட்டி

பழைய ஜீப்பை வாங்கி அதுக்கு ஃபோர் வீல் மாட்டணும்னு ஆசைப்படுற பட்டணத்துத் தம்பிகள் இப்போ நிறைய. எந்த டிரான்ஸ்பர் கேஸ் போடலாம்னு அவங்களுக்குள்ள பெரிய விவாதமே நடக்குது. நான் மெக்கானிக் இல்லை, சுவாமிமலைப் பக்கம் நெல்லு போடுறவன். ஆனா அந்தப் பெட்டியோட சரித்திரத்துல பாதி, விவசாயியோட சரித்திரம்தான்.

டிரான்ஸ்பர் கேஸ் என்பது கியர் பாக்சுக்குப் பின்னால் ஒட்டிக்கிட்டு இருக்கிற இன்னொரு சின்ன கியர் பெட்டி. மடையைத் திறந்து ரெண்டு வாய்க்காலுக்கும் தண்ணி விடுற மாதிரி, எஞ்சின் சக்தியை முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிச்சு விடும். அதுல 'லோ' போட்டா சக்கரம் மெதுவாச் சுத்தும், இழுவை கூடும்.

இரண்டாம் உலகப் போருக்காக 1941லிருந்து 1945 வரை அமெரிக்காவுல வில்லிஸ், ஃபோர்டு ரெண்டு கம்பெனியும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல ஜீப் செஞ்சாங்க. அதுல இருந்த பெட்டிக்குப் பேரு ஸ்பைசர் 18. லோ விகிதம் 1.97. போர் முடியப் போகுது, இனிமே ஜீப்பை யார் வாங்குவா? வில்லிஸ் கம்பெனி விவசாயியைத்தான் பார்த்தது. 1945ல வந்த சி.ஜே. 2ஏ மாடல்ல அதே பெட்டியோட லோ விகிதத்தை 2.43 ஆக்கினாங்க. முதல் கியரையும் ஆக்சில் பல்லையும் கூடவே மாத்தினாங்க. போர் ஜீப்புல சக்கரம் ஒரு சுத்து சுத்த எஞ்சின் சுமார் 25 சுத்து சுத்தணும். இதுல 36 சுத்துக்கு மேல. ஏர் இழுக்க ஓட்டம் வேண்டாம், மாட்டு நடை போதும் இல்லையா? பெட்டியோட பின்பக்கத்துல பி.டி.ஓ. மாட்டி பெல்ட் போட்டு மெஷின் ஓட்டவும் வழி இருந்தது.

நம்ம நாட்டுல 1945ல லூதியானாவுல தொடங்கின மஹிந்திரா அண்டு முகமது கம்பெனி, 1947லிருந்து வில்லிஸ் ஜீப்பை மும்பையில கோர்க்க ஆரம்பிச்சது. பங்காளி குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தான் போய் நிதி அமைச்சர் ஆயிட்டார். 1948ல கம்பெனி பேரு மஹிந்திரா அண்டு மஹிந்திரா ஆச்சு. 1952ல சமுதாய வளர்ச்சித் திட்டம், 1960ல தஞ்சை மாவட்டத்துக்குப் பேக்கேஜ் திட்டம். அந்தக் காலத்துல கிராமத்துக்கு ஜீப் வந்தது அதிகாரிகளோடதான். இன்னைக்கும் எங்க பக்கத்துப் பெருசுங்களுக்கு ஜீப்புன்னா பி.டி.ஓ. ஜீப்புதான்.

ஆனா அது எங்க வயல்ல உழவுக்கு ஏன் இறங்கலை? மண்ணுதான் காரணம். எங்க ஊரு ஸ்தபதிங்க பஞ்சலோகச் சிலைக்கு அச்சு கட்டுறதே காவிரி வண்டல்லதான். அவ்வளவு நைசு. அதுல தண்ணி கட்டினா ஜீப் டயரோட பட்டன் இடுக்கெல்லாம் சேறு அப்பி வழுக்கை ஆயிடும். டிரான்ஸ்பர் கேஸ் பலத்தைக் கூட்டும், பிடிப்பைக் கூட்டாது. பிடிப்பு டயருக்கும் மண்ணுக்கும் நடுவுல நடக்கிற விவகாரம். 1963ல அதே மஹிந்திரா, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியோட கூட்டுச் சேர்ந்து டிராக்டருக்குன்னே தனிக் கம்பெனி தொடங்கினது. சேத்து உழவுக்கு டிராக்டர்ல இரும்புக் கேஜ் வீல் மாட்டினாங்க. எங்க வயலை ஜெயிச்சது அந்தச் சக்கரம்தான்.

ரோடு போட்ட பிறகு ஊருக்குள்ள ஃபோர் வீலுக்கு வேலை குறைஞ்சது. டூ வீல் டிரைவ் ஜீப்பைக் கம்பெனியே வித்தது. இப்போ அதை வாங்கித்தான் நீங்க திரும்பப் பெட்டி மாட்டப் பார்க்கிறீங்க. மாட்டுறதுக்கு முன்னாடி கவனிக்க நாலு விஷயம்.

ஸ்பைசர் 18ல புரொப்பல்லர் ஷாஃப்ட் நடுவுல வராது, ஒரு பக்கமா தள்ளி வரும். அதுக்கு ஏத்த ஆக்சில்தான் வேணும். முன் ஆக்சில், பின் ஆக்சில் ரெண்டுலயும் பல் விகிதம் ஒண்ணா இருக்கணும். டயர் நாலும் ஒரே அளவு. காய்ஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீல் போடாதீங்க. திருப்பத்துல முன் சக்கரமும் பின் சக்கரமும் வேற வேற தூரம் போகும், அந்த வித்தியாசத்தை வாங்கிக்க இந்தப் பெட்டிக்குள்ள டிஃபரன்ஷியல் கிடையாது. கடைசியா, கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தக் கூடாதுன்னு 2019ல உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதனால ஆர்.சி. புக்குலயே ஃபோர் வீல்னு இருக்கிற வண்டியைத் தேடி வாங்குறதுதான் புத்திசாலித்தனம்.

வாங்கி ஓட்ட எங்க பக்கம் வந்தா ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. தை மாசி அறுப்பு முடிஞ்ச வயலு வெறுந்தரிசு மாதிரி தெரியும். அறுப்புக்கு முன்னாடியே அதுல உளுந்து, பயறு தெளிச்சிருப்போம். தாளுக்கு நடுவுல முளைச்சு நிக்கும். குனிஞ்சு பார்த்துட்டு, வயக்காரரைக் கேட்டுட்டு அப்புறம் வண்டியை இறக்குங்க.