எபி இன்ஃபோ 6: மரண அறிவித்தல்

அட்லாண்டாவைப் பிறப்பிடமாகவும், ஏழை நாடுகளின் சுகாதாரக் கந்தோர்களில் இருந்த பழைய கொம்பியூட்டர்களை வதிவிடமாகவும் கொண்ட எபி இன்ஃபோ 6 என்ற மென்பொருள் காலமாகிவிட்டது. இன்ன திகதியில் என்று சொல்ல முடியாத சாவு அது. 2001இல் 6.04டி என்ற கடைசித் திருத்தம் வெளிவந்தது. அதன் பிறகு 64 பிட் விண்டோஸ் பரவியது. டொஸ் காலத்து நிரல்களை அது திறக்க மறுத்தது. எந்தக் கந்தோரில் பழைய பெட்டி பழுதானதோ, அங்கே அன்றைக்கு இதுவும் போனது. பத்திரிகையில் யாரும் போடவில்லை. இலங்கையின் பதுளைப் பக்கம் அதைத் தெரிந்தவர்கள் இன்னும் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் நான் போடுகிறேன்.

பிறந்தது 1985. தகப்பன் அண்ட்ரூ டீன், சி.டி.சி. என்கிற அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தில் தொற்றுநோயியலாளர். நிரலை எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர், அப்போது பள்ளிக்கூட வயதில் இருந்த அவருடைய மகன் ஜெஃப். நோய் பரவுகிற ஊருக்குப் போகிறவர் அங்கேயே படிவம் தயாரித்து, தகவலைப் பதிந்து, அன்றிரவே கணக்கும் பார்த்துவிட ஒரு கருவி வேண்டும் என்பதுதான் நோக்கம். உலக சுகாதார நிறுவனமும் கை கொடுத்தது. 1994இல் ஆறாம் பதிப்பு வந்தது. அதற்கு விலை இல்லை. பிரதியெடுத்து மற்றவருக்குக் கொடுக்கலாம் என்று கையேட்டிலேயே எழுதியிருந்தார்கள். சில பிளொப்பிகளுக்குள் முழுவதும் அடங்கிவிடும்.

முதலில் படிவத்தைக் கடதாசியில் இருப்பது போலவே திரையில் அடிக்க வேண்டும். எண் வரும் இடத்தில் ஹாஷ் குறி, எழுத்து வரும் இடத்தில் அடிக்கோடு. அந்தப் படிவமே தரவுக் கோப்பாகிவிடும். அடுத்தது ‘செக்’ என்கிற பகுதி. பிள்ளையின் வயது 0 முதல் 59 மாதம் வரைதான் என்று அங்கே எழுதிவைத்தால், யாராவது 95 என்று அடித்தவுடன் கொம்பியூட்டர் நின்றுவிடும். சரியான எண் வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக விடாது. எபி இன்ஃபோ செய்த ஆகப் பெரிய உதவி இந்த மறுப்புத்தான் என்பது என் கட்சி. பிழையான தகவல் உள்ளே வந்த பிறகு அதைச் சலித்தெடுக்க ஆயிரம் வழி உண்டு. வாசலிலேயே நிறுத்துகிறவர்கள் குறைவு.

பழகுவதற்கு ஒரு கோப்பும் கூடவே வரும். 1940 ஏப்ரலில் நியூயோர்க் மாநிலத்தின் ஒஸ்வீகோவில் ஒரு தேவாலய விருந்தில் சாப்பிட்டவர்களுக்கு வயிறு கலங்கிய கதை அது. விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு வருத்தம். பன்றி இறைச்சியா, கீரையா, கேக்கா என்று ஒவ்வொரு பண்டமாக அட்டவணை போட்டுப் பார்த்து, கடைசியில் வனிலா ஐஸ்கிரீமில் போய் நிற்க வேண்டும். ஒஸ்வீகோ எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத எத்தனையோ டொக்டர்மார், அந்த ஊர் மக்கள் அன்றிரவு என்ன சாப்பிட்டார்கள் என்று ஒப்புவிப்பார்கள்.

பதுளையை அடுத்த பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகளின் நிறையும் உயரமும் எடுத்து, பட்டமேற்படிப்புக்கு ஆய்வு எழுதுகிற ஓர் இளம் டொக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் சிக்கினால் அவர் எங்கே போவார்? புள்ளிவிபரம் தெரிந்தவர்கள் பெரும்பாலும் கொழும்பில், அல்லது பேராதனையில். பதுளைக்கு ரயில் பாதை வந்து சேர்ந்தது 1924இல். எழுபது வருஷம் கழித்தும் பிளொப்பி அந்தப் பாதையால்தான், கைப்பையில், இரவுத் தபால் ரயிலில் போக வேண்டியிருந்தது. பிளொப்பியோடு ஆளும் போக வேண்டும். இந்தக் கட்டாயத்தில்தான் விஷயம் இருக்கிறது. ஆள் முன்னால் உட்கார்ந்திருந்தால், உதவி செய்பவர் கொம்பியூட்டரைத் திறப்பதற்கு முன்பே கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்.

பிறந்த திகதி எங்கிருந்து எடுத்தீர்கள், கிளினிக் அட்டையிலிருந்தா, தாய் சொன்னதா? “தீபாவளிக்கு முந்தின கிழமை பொறந்தான்” என்றால் என்ன திகதி போட்டீர்கள்? பிள்ளைக் காம்பராவுக்குப் போய் நிறுத்தீர்கள், சரி. அன்றைக்குக் காய்ச்சலோடு லயத்தில் ஆச்சியிடம் இருந்த பிள்ளைகள்? அவர்கள்தானே மெலிந்தவர்கள்? தோட்டம் என்று எதை எடுத்தீர்கள்? 20 ஏக்கரும் அதற்கு மேலும், வசிக்கிற தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமல் என்பது அரசாங்கக் கணக்கு. லயத்தில் இருந்துகொண்டு பண்டாரவளையில் கடை வேலைக்குப் போகிறவர் பிள்ளை எதில் சேர்த்தி? கிராமத்திலிருந்து கொழுந்தெடுக்க வருகிற சிங்களப் பெண்ணின் பிள்ளை?

இதெல்லாம் பொழுதுபோக்குக் கேள்விகள் இல்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 வீதம், தோட்டத்தில் 31.7 வீதம். நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று பிரிவில் யாரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் அந்த இடைவெளி முழுவதும் நிற்கிறது.

இன்னொன்று, ஆய்வுக்காரர்கள் அடிக்கடி விழுகிற குழி. பத்துத் தோட்டம், தோட்டத்துக்கு முப்பது பிள்ளைகள், மொத்தம் 300 என்று பெருமையாகச் சொல்வார்கள். ஒரே தண்ணீர், ஒரே சம்பளம், ஒரே பிள்ளைக் காம்பரா. அந்த முப்பது பேரும் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒப்புமையின் அளவு 0.05 என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றோடு 29 தடவை 0.05ஐக் கூட்டினால் 2.45. 300ஐ அதால் வகுத்தால் 122. அதாவது கையில் இருப்பது ஏறக்குறைய 122 பிள்ளைகளைத் தனித்தனியாகத் தெரிந்தெடுத்ததற்குச் சமமான தகவல்தான். ஆறாம் பதிப்பில் இந்தக் கணக்குக்கென்றே ‘சிசாம்பிள்’ என்று ஒரு பகுதி இருந்தது. அதைப் பயன்படுத்து என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருந்தது; அவர் சொல்வதற்கு, தோட்டத்தில் பிள்ளைகள் எப்படி வளர்கிறார்கள் என்று அவருக்கு யாராவது முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

செத்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள். ஆனாலும் சொல்கிறேன்: எபி இன்ஃபோவில் தமிழ் எழுத முடியாது. ஆங்கில எழுத்தில் லட்சுமியை ஒருவர் ஒரு விதமாக அடிப்பார், அடுத்தவர் வேறு விதமாக; ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடும். பிள்ளைகளின் வளர்ச்சியைக் கணக்கிட்ட ‘எபிநட்’, அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து 1970களில் தயாரித்த அளவுகோலைப் பயன்படுத்தியது. 2006இல் உலக சுகாதார நிறுவனம் புதிய அளவுகோல் கொண்டுவந்தபோது அது ஒரே நாளில் பழையதாகிவிட்டது. புதிய கோலால் அளந்தால் குட்டையான பிள்ளைகளின் வீதம் பொதுவாகக் கூடும். அன்றைய ஆய்வுகளையும் இன்றைய ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்து “கூடிவிட்டது, குறைந்துவிட்டது” என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

மகன் ஜெஃப் என்ன ஆனார்? 1990 வாக்கில் உலக சுகாதார நிறுவனத்தில் எயிட்ஸ் பரவலைக் கணிக்கும் மென்பொருள் எழுதினார். 1999இல் கூகுளில் சேர்ந்தார். அங்கே செயற்கை நுண்ணறிவுப் பணிக்கே தலைமை தாங்கினார். இன்று கூகுளின் தலைமை விஞ்ஞானி. அதே டொக்டர் இன்று பசறையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேள்வியைத் தட்டினால், ஆர் என்ற புள்ளிவிபர மொழியில் நிரல் சில நொடியில் வந்துவிடுகிறது, தமிழில் விளக்கத்தோடு. அந்த நிரல் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ரயில் செலவு மிச்சம், பெரியவர் ஒருவரின் அறை வாசலில் காத்து நின்ற மானக்கேடும் மிச்சம். அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேட்டதற்குப் பதில் வருகிறது. காய்ச்சலோடு லயத்தில் கிடந்த பிள்ளையைப் பற்றி டொக்டர் கேட்கவில்லை. ஆகவே பதிலிலும் அந்தப் பிள்ளை இல்லை.

உங்கள் அலுமாரியில் அந்தக் காலத்துப் பிளொப்பி கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள கோப்புகளை டென்மார்க்கில் செய்த எபிடேட்டா திறக்கும். ஆர் மொழியின் ‘ஃபொரின்’ தொகுப்பிலும் அதற்கென ஒரு கட்டளை இருக்கிறது. ‘பிரிவு 3, நிறை 8.4, வயது 26’ என்று வரிவரியாக இலக்கங்கள் வரும். கூடவே அந்தப் படிவக் கடதாசியையும் தேடுங்கள். முடிந்தால், அன்றைக்குப் பிள்ளைகளை நிறுத்த மிட்வைஃபையும்.