மூன்று இளம்பழுப்புகளும் இருநூறு ஆண்டு வரலாறும்



நாம் இளம்பழுப்பு என்று குறிக்கும் நிறத்திற்கு 'பீஜ்' என்னும் பெயர் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. சாயம் தோய்க்காத இயற்கைக் கம்பளித் துணிக்கு வழங்கிய சொல்லே பின்னர் நிறத்தின் பெயராயிற்று. மலாய் மொழியில் அதனைக் 'குனிங் ஆயேர்', அதாவது நீர்மஞ்சள் என்பர். நம்மவர் சந்தனம் என்றும் தந்தம் என்றும் சொல்லுவர். இவை யாவும் ஒரே நிறமா, வெவ்வேறு நிறங்களா?

எங்கள் பள்ளி நூலக அறைக்குச் சாயம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அண்மையில் என்னிடம் வந்தபோது இவ்வினா எழுந்தது. பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. ஒருமுறை பூசிவிட்டால் மறுமுறை பூசப் பல்லாண்டுகள் ஆகும். வண்ண அட்டையில் இறுதியாக எஞ்சியவை மூன்று இளம்பழுப்புகள். தலைமையாசிரியருக்கு மூன்றும் ஒன்றே. எனக்கோ ஒன்றில் சிவப்புச் சாயலும், ஒன்றில் மஞ்சட்சாயலும், மற்றொன்றில் பச்சைச் சாயலும் தெரிந்தன. நெருங்கிய நிறங்களை வேறுபடுத்தி அறிய மாந்தர் எவ்வாறு கற்றனர் என்று தேடலானேன்.

முதல் வழி, பெயரிடுதல். செருமானியக் கனிமவியலாளர் வெர்னர் வகுத்த நிறப் பட்டியலை விரிவாக்கி, பேட்ரிக் சைம் என்னும் ஓவியர் 1814இல் எடின்பரோவில் ஒரு நூல் வெளியிட்டார். அதில் வெள்ளை மட்டுமே 8 வகை. ஒவ்வொரு நிறத்திற்கும் இயன்றவரை ஓர் உயிரினம், ஒரு செடிகொடி, ஒரு கனிமம் எனச் சான்று காட்டினார். 1831இல் பீகிள் கப்பலில் புறப்பட்ட சார்லசு டார்வின், தாம் கண்டவற்றின் நிறத்தைக் குறித்துவைக்க இந்நூலையே துணைக்கொண்டார்.

இரண்டாவது, அண்டை நிறத்தை நோக்குதல். பாரிசு நகரின் கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவின் தலைவராக 1824இல் அமர்ந்தவர் செவ்ரல் என்னும் வேதியியலாளர். கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற குறையை அவர் ஆராய்ந்தார். குற்றம் சாயத்தில் இல்லை. அருகிலிருந்த நீலமும் ஊதாவுமே கருப்பின் தோற்றத்தை மாற்றின. ஒரு நிறம் தன் எதிர்நிறத்தின் சாயலை அண்டை நிறத்தின்மீது ஏற்றிக் காட்டும் என்று 1839இல் விரிவாக எழுதினார்.

மூன்றாவது, அளத்தல். பாசுடன் நகரின் ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல், நிறப்பெயர்களால் விளையும் குழப்பத்தைத் தவிர்க்க எண்ணி, 1905இல் ஒரு முறையை வெளியிட்டார். நிறவகை, ஒளிர்வு, செறிவு ஆகிய மூன்றையும் தனித்தனியே குறித்தால் எந்த நிறத்தையும் ஐயமின்றிச் சுட்டலாம் என்றார். இளம்பழுப்புகளில் ஒளிர்வு மிகுதி, செறிவு குறைவு. ஆதலால் அவற்றின் நிறவகை எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பக்கத்தில் பக்கம் வைத்தால்தான் வேறுபாடு வெளிப்படும்.

இவற்றைப் படித்தபின், சிறிய அட்டைகளை நம்பாமல் மூன்று பெரிய தாள்களில் சாயத்தைப் பூசச் செய்தேன். எங்கள் நூலகத்தின் புத்தக அலமாரிகள் பச்சை. அவற்றை ஒட்டி வைத்ததும், சிவப்புச் சாயல் கொண்டது மேலும் சிவந்தது. செவ்ரல் சொன்னபடியே நிகழ்ந்தது. மஞ்சட்சாயல் கொண்டது காலையில் இனிதாக இருந்தும், பிற்பகல் வெயிலில் மிகையாக மஞ்சளித்தது. தனியே பார்த்தபோது யாரும் விரும்பாத பச்சைச் சாயல் தாளே அங்கு அமைதியான இளம்பழுப்பாகத் தோன்றியது. குழல்விளக்கின் ஒளியிலும் அது மாறவில்லை. தலைமையாசிரியரும் வேற்றுமையைக் கண்டு அதற்கே இசைந்தார்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சைம் செய்ததை நம் மாணவர்களும் செய்யலாமே! சந்தனம், தந்தம், வைக்கோல், கோதுமை, கடல்மணல் என ஒவ்வொன்றையும் கண்முன் வைத்து, எது எதனினும் வெளிறியது என்று அவர்களே வரிசைப்படுத்தட்டும். சொல்வளமும் பெருகும், உற்றுநோக்கும் பழக்கமும் வளரும்.