மலைநகரின் மூன்று வாக்குகள்

நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பது பெரிய காரியம் என்பதை நாம் அனைவரும் ஒப்புக்கொள்வோம். குழாயில் தண்ணீர் வருவதற்கும் தெருவில் விளக்கெரிவதற்கும் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுப்பது சிறிய காரியமா? இமயமலைச் சாரலில், சுமார் 7,000 அடி உயரத்தில் அமைந்த சிம்லா நகரின் சரித்திரம் இவ்வினாவுக்கு விடை கூறுகின்றது.

சிம்லாவில் 1851-ஆம் ஆண்டிலேயே நகரசபை தோன்றிவிட்டது. 1864 முதல் அந்நகர் பிரிட்டிஷ் இந்தியாவின் கோடைகாலத் தலைநகரமாக விளங்கிற்று. ஆயினும் அந்நாளில் வாக்குரிமை சொத்துடையோரைச் சார்ந்தே நின்றது. செங்குத்தான பாதைகளில் மூட்டை சுமந்த கூலியாளுக்கும், கனவான்களை ரிக்‌ஷாவில் வைத்து இழுத்துச் சென்றவனுக்கும் நகர நிர்வாகத்தில் குரல் இல்லை.

1882-இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் ஒரு திருப்பம். ஸ்தல ஸ்தாபனங்களில் அரசாங்க அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. இயன்ற இடங்களில் அங்கத்தினரைத் தேர்தல் மூலம் அமைத்தல் வேண்டும் என்று அது கூறிற்று. மக்களுக்கு அரசியற் கல்வி அளிக்கும் பள்ளியாகவே ஸ்தல சுயாட்சியை அவர் கருதினார். சென்னை மாநகராட்சி மாளிகை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

சுதந்திர இந்தியாவில் வயது வந்தோர் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியற் சட்டத் திருத்தம், நகரசபைகளின் ஆயுளை ஐந்தாண்டு என வரையறுத்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று.

இனி, 2012-ஆம் ஆண்டுத் தேர்தலைக் கவனியுங்கள். அவ்வாண்டு சிம்லா வாக்காளர் ஒவ்வொருவருக்கும் மூன்று வாக்குகள்: வட்ட உறுப்பினருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று, துணை மேயருக்கு ஒன்று. மன்றத்தின் 25 இடங்களில் பாரதிய ஜனதா 12, காங்கிரஸ் 10, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி 3 இடங்களைப் பெற்றன. ஆனால் மேயர், துணை மேயர் ஆகிய இரு பதவிகளையும் வென்றது மூன்றே இடங்கள் பெற்ற கட்சி! சஞ்சய் சௌஹான் மேயரானார். திகேந்தர் பன்வார் துணை மேயரானார்.

மக்கள் குழம்பி வாக்களித்தார்களா? இல்லை. வட்டத்துக்கு ஒருவரை, நகருக்கு வேறொருவரை எனச் சீர்தூக்கியே தேர்ந்தனர் என்பது என் கருத்து. ஆனால் மன்றத்தில் பெரும்பான்மை இல்லாத மேயர், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் மாற்றாரின் இசைவை நாட வேண்டும். பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. மேயரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மன்ற உறுப்பினரிடமே சென்றது. 2023-இல் நடந்த தேர்தலில் 34 இடங்களுள் 24-ஐக் காங்கிரஸ் வென்றது, மேயரும் அக்கட்சியினரே. நிர்வாகம் எளிதாயிற்று, வாக்காளரின் கையிலிருந்த இரண்டு வாக்குகளோ மறைந்தன.

இவ்விரு முறைகளில் எது சிறந்தது? 2018 கோடையில் சிம்லா கடுங் குடிநீர்ப் பஞ்சத்தால் வாடிற்று. பள்ளத்தாக்கிலிருந்து நீரை மேலேற்றிப் பருகும் நகரில், நகரசபையின் திறமை குடத்திலே தெரிந்துவிடும். எம்முறையாயினும், தேர்தல் நாளோடு தம் கடமை முடிந்ததென எண்ணாத குடிமக்களே அதற்கு உயிர் அளிப்பவர். மாணவர்களே, உங்கள் ஊர் நகரசபை உறுப்பினர் யார் என்பதை இன்றே கேட்டறியுங்கள். குடிமைப் பயிற்சியின் முதற் பாடம் அதுவே.