மாட்டின் மூச்சைத் தேடி வரும் ஈ



பொழுது சாயும் நேரத்தில் மாட்டைக் கொண்டுவந்து தொழுவத்தில் கட்டுகிறோம். கட்டின சற்று நேரத்துக்குள் கடி ஈ வந்துவிடுகிறது. மாடு வாலை வீசுது, காலை உதறுது, தோலைச் சிலிர்க்குது. இங்கே ஒரு மாடு நிற்கிறது என்று அந்த ஈக்கு யார் சொன்னது? சிறுபிள்ளை கேட்கிற கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் ஆப்பிரிக்காவில் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் பல பத்தாண்டுகள் திண்டாடினார்கள். அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஆப்பிரிக்காவில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே செட்சி ஈ என்று ஒன்று உண்டு. வீட்டு ஈயைவிடக் கொஞ்சம் பெரிது, பழுப்பு நிறம். ஆணும் பெண்ணும் ரத்தத்தை மட்டுமே குடித்து வாழும். இது கடித்தால் மாட்டுக்குக் காய்ச்சல் வரும், ரத்தம் சுண்டும், எலும்பும் தோலுமாகிக் கடைசியில் செத்துப் போகும். அந்த நோய்க்கு ஜூலு மக்கள் வைத்த பெயர் நகானா. இந்த ஈ மிகுந்த இடத்தில் ஏர் மாடு கட்ட முடியாது. மண்வெட்டியால் கொத்தித்தான் பயிர் வைக்க வேண்டும். மாடு இல்லையென்றால் எருவும் இல்லை, பாலும் இல்லை. அந்தக் கஷ்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

டேவிட் புரூஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் 1894-இல் ஜூலு நாட்டில் உபோம்போ என்ற மலையூருக்குப் போனார். நோயுற்ற மாட்டின் ரத்தத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுயிர் அதிலே நெளிந்தது. அதை மாட்டுக்கு மாடு கொண்டுபோவது செட்சி ஈதான் என்பதையும் காட்டினார். காட்டெருமை, மான் போன்ற காட்டு மிருகங்களின் ரத்தத்திலும் அது இருந்தது. ஆனால் அவற்றுக்கு நோய் காணவில்லை.

இது தெரிந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? காட்டு மிருகத்தைக் கொன்றுவிட்டால் ஈ பட்டினியாகச் சாகும் என்று கணக்குப் போட்டார்கள். இன்று ஜிம்பாப்வே என்று பெயர் பெற்ற தெற்கு ரொடீசியாவில், பல பத்தாண்டுகளாக லட்சக்கணக்கான மிருகங்களைச் சுட்டுத் தள்ளினார்கள். வேறு சில நாடுகளில் ஈக்கு நிழல் இருக்கக் கூடாது என்று காட்டையே வெட்டினார்கள். பிறகு டி.டி.டி. போன்ற மருந்துகள் வந்தன. ஈ சில இடங்களில் குறைந்தது. ஆனால் செலவோ மலையளவு, காட்டுக்கு நேர்ந்த சேதமும் கொஞ்சமில்லை.

இதற்கு நடுவே இரண்டு பேர் வேறு மாதிரி யோசித்தார்கள். பிரின்சிபே என்ற தீவில் ஒரு தோட்டக் கண்காணிப்பாளர், வேலையாட்கள் முதுகில் பிசின் தடவிய கறுப்புத் துணியைக் கட்டிவிட்டார். கறுப்பைத் தேடி வந்த ஈ ஒட்டிக்கொண்டது. இதையும் மற்ற வழிகளையும் சேர்த்துச் செய்ததில் 1914-இல் அந்தத் தீவில் ஈ ஒழிந்தது. (1956-இல் மறுபடியும் வந்துவிட்டது என்பது வேறு கதை.) அதேபோல 1930-களில் ஜூலு நாட்டில் ஹாரிஸ் என்பவர் சாக்குத் துணியால் மாட்டு உடம்பு போல ஒரு பொறி செய்தார். மாட்டின் வயிற்றடிக்குப் போவதாக நினைத்துக் கீழே நுழைந்த ஈ உள்ளே மாட்டிக்கொண்டது. ஆக, ஈ கண்ணால் பார்த்து வருகிறது என்பது தெரிந்தது.

கண் மட்டும் போதுமா? ஜிம்பாப்வேயில் சாம்பசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரெக்கோமிச்சி என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கிளின் வேல் என்ற பூச்சியியல் அறிஞர் 1970-களில் ஒரு வேடிக்கையான காரியம் செய்தார். தரையில் பெரிய குழி வெட்டி, மாடுகளை அதற்குள்ளே கட்டி, மேலே மூடிவிட்டார். காற்றாடி வைத்து, மாட்டின் மூச்சையும் உடம்பு வாடையையும் ஒரு குழாய் வழியாக வெளியே விட்டார். மேலே பார்த்தால் மாடே தெரியாது. ஆனாலும் ஈ காற்றை எதிர்த்துப் பறந்து அந்தக் குழாயைத் தேடி வந்தது! சுற்றிலும் மின்சாரம் பாய்ச்சின மெல்லிய கம்பி வலைகள் வைத்திருந்தார். அதில் பட்டு விழுந்த ஈயை எண்ணிக் கணக்கு வைத்தார்.

இன்னொரு உண்மையும் தெரிய வந்தது. பக்கத்தில் மனுஷன் நின்றால் பல ஈக்கள் கிட்டே வரவில்லை. அதுவரைக்கும் ஆட்கள் காட்டில் நடந்து நடந்துதான் ஈயை எண்ணி வந்தார்கள். எண்ணப் போனவனின் வாடையே ஈயை விரட்டியிருக்கிறது! அப்படியிருந்தால் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்?

பிறகு வாடையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். மாடு விடும் மூச்சில் உள்ள கரியமில வாயு, அசிட்டோன், காளான் வாடை அடிக்கும் ஆக்டினால், மாட்டு மூத்திரத்தில் உள்ள பீனால் வகைப் பொருட்கள் ஆகியவை ஈயைக் கூப்பிடுகின்றன என்று 1980-களுக்குள் விளங்கியது. தூரத்தில் மூக்கு வழிகாட்டுது, கிட்ட வந்தால் கண் வழிகாட்டுது. கறுப்பும் நீலமும் அதற்குப் பிடித்த நிறம்.

விடை கிடைத்ததும் வேலை எளிதாகிவிட்டது. கறுப்பு, நீலத் துணியில் பூச்சிமருந்தைத் தோய்த்து, பக்கத்தில் வாடை புட்டியைக் கட்டி நிறுத்தினார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு நான்கு துணி வைத்தாலே போதும் என்றானது. செட்சி ஈ மற்ற ஈக்கள் மாதிரி நூற்றுக்கணக்கில் முட்டையிடாது. ஒன்பது பத்து நாளைக்கு ஒரு புழுதான் ஈனும். நூறு பெண் ஈக்களில் தினம் நான்கு கூடுதலாகச் செத்தாலே வம்சம் தேய்ந்துவிடும். கென்யாவில் மாசாய் மக்கள் வாழும் நுகுருமன் பகுதியில் துணிப்பொறிகளுக்கு மாட்டு மூத்திரத்தையும் அசிட்டோனையும் வைத்தார்கள். புது மூத்திரத்தைவிட நாள்பட்ட மூத்திரமே ஈயை அதிகம் இழுக்கும். தொழுவத்தில் கிடைக்கும் பொருளே தூண்டில் இரை ஆகிவிட்டது, பார்த்தீர்களா?

நம் நாட்டில் செட்சி ஈ கிடையாது. ஆனால் புரூசுக்கு முன்பே, 1880-இல், பஞ்சாபில் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் குதிரை, ஒட்டகம் இவற்றின் ரத்தத்தில் இதே இனத்துச் சிற்றுயிரைக் கண்டார். அந்த நோய்தான் சர்ரா. மாடு, எருமைக்கும் இது வரும். நோயுற்ற மிருகத்தைக் கடித்த பெரிய மாட்டு ஈ, வாயில் ஒட்டிய ரத்தத்தோடு பக்கத்து மாட்டையும் கடித்தால் நோய் தொற்றும்.

ஆகவே விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து, மாடு மெலிந்துகொண்டே போனால், கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தத்தைப் பரிசோதியுங்கள். அந்த மாட்டை மற்ற மாடுகளோடு சேர்க்காமல் தனியே கட்டுங்கள். தொழுவத்தில் மூத்திரம் தேங்க விடாதீர்கள், சாணத்தையும் மக்கின வைக்கோலையும் அன்றாடம் அள்ளிவிடுங்கள். இன்னொரு வகைக் கடி ஈ முட்டையிடுவது அதிலேதான்.

இன்று சாயங்காலம் தொழுவத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஈ எந்தத் திசையிலிருந்து வருகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த நிறத்து மாட்டில் அதிகம் மொய்க்கிறது என்று கவனியுங்கள். வேல் குழி வெட்டித் தெரிந்துகொண்டதில் பாதியை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.