பட்டியலும் நாக்கும்: 1991 பெங்களூர்க் கலவரத்தின் வேர்கள்

பிரேசர் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மா, 1991 டிசம்பரில் தாம் முதலில் செய்த காரியத்தை ஒருமுறை கூறினார். முன்னறைச் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைக் கழற்றி, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தாராம். அவரும் அவர் தந்தையும் இந்நகரிலேயே பிறந்தவர்கள். ஒரு நாட்காட்டி ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கும் நிலை எவ்வாறு உருவாயிற்று?

காவிரி என்பதே வழக்கமான விடை. 1991 ஜூன் 25இல் காவிரி நடுவர் மன்றம், ஆண்டுதோறும் 205 டி.எம்.சி. நீரைத் தமிழகத்துக்கு விட இடைக்கால ஆணை பிறப்பித்தது. அதை முறியடிக்கப் பங்காரப்பா அரசு கொண்டுவந்த அவசரச் சட்டம் செல்லாதென உச்ச நீதிமன்றம் நவம்பரில் கூறியது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஆணை மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்துக்கு ஓடினர். அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தோர் 18 பேர். தமிழகத்திலும் கன்னடர்கள் தாக்கப்பட்டனர்.

ஆனால் காவிரி தீப்பொறி மட்டுமே. விறகு நெடுங்காலமாக அடுக்கப்பட்டு வந்தது.

1809இல் ஆங்கிலேயர் இங்கே படைமுகாம் அமைத்தபோது, படையினரோடு தமிழ் பேசும் வணிகரும் கைவினைஞரும் கூலிகளும் வந்தனர். பழைய பேட்டை கன்னடம் பேசியது. தண்டுப் பகுதி தமிழும் உருதுவும் ஆங்கிலமும் பேசியது. 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்பியபோதும் தண்டு ஆங்கிலேயரிடமே நின்றது. 1898 கொள்ளைநோய்க்குப் பின்னர் எழுந்த பிரேசர் டவுனும், மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரையே தாங்கியது. இரண்டு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949இல்தான். மொழி வேறுபாட்டின்மேல் ஆட்சி எல்லையும் நூற்றாண்டுக்கு மேல் படிந்து கிடந்தது.

1956இல் மொழிவாரி மாநிலம் அமைந்தது. தன் தலைநகரிலேயே தன் மொழி பின்தங்கி நிற்கிறது என்ற கன்னடரின் ஆதங்கம் பொய்யன்று. 1982ஆம் ஆண்டின் கோகாக் போராட்டம் அதன் வெளிப்பாடு. அந்த ஆதங்கத்துக்குக் காரணமான பழைய ஆட்சியமைப்பு மறக்கப்பட்டது. கண்ணெதிரே நின்ற ஏழைத் தமிழ்க் கூலியின் குடிசை இலக்காயிற்று.

ருவாண்டாவை இங்கே நினைவுகூர்வது பயனுடையது. ஹுட்டு, டுட்சி மக்கள் பேசுவது ஒரே கிண்யருவாண்டா மொழி. நாவினால் பிரித்தறிய இயலாத அண்டை வீட்டாரை, 1930களில் பெல்ஜிய ஆட்சி வழங்கிய அடையாள அட்டை பிரித்தது. 1994இல் சாலைத் தடுப்புகளில் உயிரா சாவா என்பதை அவ்வட்டையின் ஒரு சொல்லே முடிவு செய்தது. நூறு நாட்களில் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் மாண்டனர். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைக் காட்டியது வாக்காளர் பட்டியல். பெங்களூரில் அட்டையோ பட்டியலோ தேவைப்படவில்லை; நாக்கும் பெயர்ப்பலகையுமே போதுமானவையாக இருந்தன.

பெங்களூரில் நிகழ்ந்தது இனப்படுகொலை அன்று. அவ்வாறு கூறுவது மாண்டோருக்கும் உண்மைக்கும் இழைக்கும் அநீதி. எனினும் மூன்றிடங்களிலும் முதற்படி ஒன்றே: மனிதரை ஒற்றை அடையாளத்துக்குள் அடைப்பது. 'ஆதிகாலப் பகை' என்ற விளக்கம் வசதியானது, ஏனெனில் அது எவரையும் பொறுப்பாக்குவதில்லை. பகைக்குப் பிறந்த தேதி உண்டு. அதை வளர்த்த அலுவலகங்களும் உண்டு.

மொழியியல் மாணவனாக ஒன்றைச் சேர்க்கிறேன். 'அம்மா', 'அப்பா', 'அண்ணா' என்னும் சொற்களை இவ்விரு மொழிக் குழந்தைகளும் ஒன்றுபோலவே அழைக்கின்றன. வீட்டுக்கார அம்மா இன்றும் காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசுகிறார், அவர் தமிழில் விடை சொல்கிறார். நாட்காட்டி மீண்டும் சுவரில்தான் தொங்குகிறது. ஆனால் முன்னறையில் அன்று, உள்ளறையில்.