உபதேசியார்

வடமொழி 'உபதேசம்' அருகிருந்து காட்டுவது. சைவத்தில் குரு காதில் ஓதும் மந்திரமும் அதுவே. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதை ஆளாக்கி, 'ஆர்' சேர்த்து மரியாதையும் கொடுத்தார்கள்.

செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷன் வேரூன்றிய காலத்தில், சுற்றுக் கிராமங்களுக்குக் குருவானவர் எப்போதாவதுதான் வருவார். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, கர்த்தருடைய ஜெபம் மூன்றையும் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வாய்ப்பாடமாக்கியவர் உபதேசியார். சாவு வீட்டு ஜெபமும் அவர் தலையில்தான். வெள்ளைக்காரப் பாதிரிகளின் வரலாறு இவர்களை ஓரமாகவே வைத்தது, அநியாயம்.

அந்த மிஷனுக்கும் போதனை முந்தியது என்பதற்கு அச்சே சாட்சி. தமிழில் அச்சேறிய முதல் நூல்களில் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' (கொல்லம், 1578) 16 பக்க மறைக்கல்வி நூல். 1733இல் தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்ற ஆரோன், இந்தியர்களில் முதல் புராட்டஸ்டன்ட் குரு. அதற்கு முன் அவரும் உபதேசியாரே.