சுறாவைக் கட்டியவர்கள்

முத்துக்குளித்துறையின் வரலாற்றை எழுதியோர் முத்தின் விலையையும் அதற்காகப் போட்டியிட்ட அரசுகளையும் விரிவாகக் கூறினர். பரதவர் கடலை எவ்வாறு அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் ஒதுக்கிய இடம் சிறிது. நம் சபைச் சரித்திர நூல்களும் 1530களின் ஞானஸ்நானங்களையும் 1542இல் வந்த சவேரியாரையும் சொல்லிவிட்டுக் கடலைத் திரைச்சீலையாகவே விட்டுவிடுகின்றன.

அவ்வறிவின் ஒரு பகுதியை மட்டும் இங்கு ஆராய்வோம். கடலடியில் பாறைத் தரையைப் ‘பார்’ என்றும், அதற்கு அப்பாலுள்ளதை மணல் என்றும் குளிகாரர் பிரித்தறிந்தனர். சிப்பி பற்றி வளர்வது பாரிலேயே. தொலையாயிரம் பார் போன்ற பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. விடியுமுன் கரைக்காற்றில் பாய்விரித்துச் சென்று, பிற்பகலில் கடற்காற்றோடு திரும்புவதே முறை.

சுறாவைப் பற்றிய ஏற்பாடுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட ‘கடல்கட்டி’ இல்லாமல் குளிகாரர் நீரில் இறங்கார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இவர்களைப் பிராமணர் என்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குரியது. கட்டு பகலுக்கு மட்டுமே. இரவில் அவிழ்த்துவிடுவர் என்றும் அவர் எழுதுகிறார். 1861இல் எமர்சன் டென்னன்ட் எழுதியது இன்னும் வியப்பானது. இலங்கையின் அரிப்புத்துறையில் அரசே அமர்த்திய கடல்கட்டி ஒரு ரோமன் கத்தோலிக்கர்! அவருக்கு நாள்தோறும் படகொன்றுக்குப் பத்துச் சிப்பிகள் கிடைத்தன. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அதுவரை உறுதியாக அறியப்பட்ட சுறா விபத்து ஒன்றுக்கு மேல் இல்லை என்றும் அவர் குறித்தார்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுதல் எளிது. படகுகள் ஒன்றுகூடியதால் எழுந்த ஆரவாரமே சுறாவை விரட்டியிருக்கலாம். ஆயினும் இரவில் கட்டை அவிழ்த்தல் என்ன செய்தது? இரவுக் கடல் சுறாவுக்கு உரியதாயிற்று. திருட்டுக் குளிப்புக்கும் அது தடையாயிற்று. பாருக்கு ஓய்வும் கிடைத்தது என நாம் கருதுகிறோம்.

பரதவரைத் துறவிகளாக்கிவிடவும் கூடாது. கடற்பசுவாகிய ஆவுளியாவை இக்கடலோரத்தார் வேட்டையாடி உண்டனர். பாரின்மேல் அதிகாரமும் அவர்களிடம் முழுமையாக இருந்ததில்லை: ஆங்கிலேயர் காலத்தில் தூத்துக்குடியில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கே சென்றது, குளிக்கும் காலத்தை நிர்ணயித்ததும் அரசே.

1955இல் மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. 1973இல் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பு முத்து உருவாயிற்று. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு ஆவுளியாவின் காப்பகமாயிற்று. இவை வேண்டியவையே. ஆனால் இவற்றின் அறிவு பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தின் அறிவு. பாரைக் கையால் தடவி அறிந்தவரின் சொல் ஏட்டில் ஏறியது குறைவு. கடலோரச் சபைகளில் ஊழியஞ்செய்வோர் அதைக் கேட்டு எழுதக்கூடும். காலம் மட்டும் அதிகமில்லை. 1961இல் இருபது வயதில் குளித்தவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார்.